பூட்டின ரூமும் ஆறு லேப்டாப்பும்

மூணு வாரமா ஒண்ணும் எழுதலை. சம்பா நடவு. ஆள் கிடைக்கலை, கிடைச்ச அன்னைக்கு மழை விடலை. கடைசியில் பாதி வயலுக்கு மிஷின் நடவு, மீதிக்குக் கை நடவு என்று ஒருவழியா முடிஞ்சது. இன்னைக்கும் தூறல்தான். வயலில் இறங்க முடியாது. அதனால் ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

ஆரம்பிச்சு வச்சது சென்னையிலிருந்து வந்த என் மாமா மகன். ஐ.டி. கம்பெனியில் வேலை. ஆயுத பூஜைக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்துக்கிட்டுக் கேட்டான்: "ஏன் மாப்ள, உங்க ஊரைச் சுத்தி இல்லாததே இல்லை. துவாக்குடியில் என்.ஐ.டி., இந்தப் பக்கம் பெல், நவல்பட்டுல எல்காட் ஐ.டி. பார்க், சூரியூர்ல ஐ.ஐ.எம். இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு உங்க பசங்க கம்ப்யூட்டர் கத்துக்க என்ன கஷ்டம்? பஞ்சாயத்துல கேட்டா ஏற்பாடு பண்ண மாட்டாங்களா?"

நல்ல கேள்விதான். பதில் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுறேன். ஊர் பேரை மட்டும் எழுதலை. எழுதினா எங்க ஊர்க்காரங்க கோச்சுக்குவாங்க, பக்கத்து ஊர்க்காரங்க சிரிப்பாங்க.

கைலாசபுரம்னா திருச்சிக்காரங்களுக்குத் தெரியும். பெல் டவுன்ஷிப். பாய்லர் தொழிற்சாலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கினப்போ, அதில் வேலை பார்க்க வந்தவங்களுக்காக உருவான ஊர். அகல ரோடு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம், தனி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம். எங்க ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். முப்பது வருஷமா நான் அங்கே போய்க்கிட்டு இருக்கேன். முதல்ல அப்பாவோட பால் கேன் கட்டிக்கிட்டு, இப்போ கீரையும் வாழை இலையும் புழுங்கலரிசியும் எடுத்துக்கிட்டு. சின்ன வயசுல ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் பால் ஊத்திக்கிட்டு இருக்கும்போது ஜன்னல் வழியா முதல் முதலா கம்ப்யூட்டரைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு. பச்சை எழுத்து ஓடிக்கிட்டு இருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும்.

டவுன்ஷிப்புக்குக் கம்பெனி இருக்கு. எங்களுக்குப் பஞ்சாயத்து இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா அது சின்ன வித்தியாசம் இல்லை.

எனக்கு இது உறைச்சது 2022 தை அறுவடையில். அந்த வருஷத்திலிருந்துதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்கூட்டியே ஆன்லைனில் பதியணும்னு ஆக்கியிருந்தாங்க. சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கூட்டம். எனக்கு முன்னாடி இருபது பேர். அந்தக் கடைப் பையன் வேகத்துல தட்டினதில் சர்வே நம்பரில் ஒரு எண் மாறிப்போச்சு. எனக்கும் பார்த்துச் சொல்லத் தெரியலை. அது தெரிஞ்சு, திருத்தி, திரும்ப நம்ம முறை வர்றதுக்கு நாலு நாள். நாலு நாளும் நெல் களத்துல குவிச்சுக் கிடந்தது. மூணாம் நாள் ராத்திரி மழை. தார்ப்பாய் போட்டும் அடி நெல் நனைஞ்சு, ஈரப்பதம் கூடிப்போய், மறுபடி காயவச்சு அள்ளினோம். அந்த வருஷம் எனக்கு நட்டம் எவ்வளவுன்னு கணக்குப் போடவே இல்லை. போட்டா சோறு இறங்காது.

அன்னைக்கு என் தம்பி மகள் சொன்னாள், "பெரியப்பா, அது அஞ்சு நிமிஷ வேலை. என் லேப்டாப் ஆன் ஆகியிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன்."

ஆன் ஆகலை. அதுதான் விஷயம். 2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சதிலிருந்து எங்க தெருவுக்கு மட்டும் ஆறு வந்திருக்கு. பிளஸ் டூ படிச்ச பிள்ளைங்க இருந்த வீட்டுக்கெல்லாம் ஒண்ணு. ரெண்டு மூணு வருஷம் ஓடியது. படம் பார்த்தாங்க, பாட்டு கேட்டாங்க, சிலர் காலேஜ் புராஜெக்ட் செஞ்சாங்க. பேட்டரி போனதும் பீரோ மேல ஏறிடுச்சு. பக்கத்துல கல்யாண ஆல்பம், அதுக்கு மேல பழைய பாய். சோம்பேறித்தனம்னு சொல்லிட முடியாது. பேட்டரி மாத்த ரெண்டாயிரம் ரூபா ஆகும்னா, அந்த ரெண்டாயிரத்துக்கு ஒரு மூட்டை உரமும் ஒருநாள் ஆள் கூலியும் கண்ணுக்குத் தெரியுது.

அந்த வருஷம் அக்டோபர் 2 கிராம சபையில் எங்க இளவட்டங்க ஒரு மனு குடுத்தாங்க. பத்து கம்ப்யூட்டர், ஒரு வாத்தியார், இன்டர்நெட். இடம்? நூறு நாள் வேலைப் பணத்துல கட்டின சேவை மையக் கட்டடம். திறப்பு விழா அன்னைக்குப் பார்த்தது, அப்புறம் பூட்டு. உள்ளே கட்சிக் கொடிக் கம்பமும் யாரோ போட்ட சிமென்ட் மூட்டையும் இருந்தது. மனுவை எழுதினது என் தம்பி மகள். அவளும் நாலு பையன்களும் நின்னாங்க. பின்னாடி நான்.

தலைவரம்மா மறுக்கலை. கிளார்க்கைக் கூப்பிட்டு, கணக்கு நோட்டை எடுத்துப் பிள்ளைங்களுக்கே விளக்கச் சொன்னாங்க. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது, நானும் பாதிக்கு மேல போயிருக்கேன், ஆனா பஞ்சாயத்துப் பணம் எப்படி நடக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சது. நகரத்துல இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லைன்னு நினைக்கிறேன், அதனால் சொல்றேன்.

ஊராட்சிக்கு மூணு பேங்க் கணக்கு. ஒண்ணாம் கணக்கு பொதுநிதி. வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் அதில். தெருக் கூட்டுறவங்க சம்பளம், தண்ணி டேங்க் ஆபரேட்டர் சம்பளம், தெருவிளக்கு பல்பு எல்லாம் அதிலிருந்துதான். ரெண்டாம் கணக்கு கரண்டு பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்கும். மூணாம் கணக்கு திட்டப் பணம். இது போக அப்போ 15-வது மத்திய நிதிக்குழு மானியம். அதில் 100 ரூபா வந்தா 60 ரூபா குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்கணும்னு இருந்தது. கட்டிப்போட்ட மாடு மாதிரி, கயிறு எட்டுற வரைக்கும்தான் மேயும். மீதி 40 ரூபா ஊர் தேவைக்கு. ஆனா அதிலும் ஒரு கொக்கி இருந்தது: யாருக்கும் சம்பளம் குடுக்கக் கூடாது.

"அப்ப ரூமுக்கு ஒயரிங் பண்ணலாம், டேபிள் போடலாம். வாத்தியாருக்கு எங்கேருந்து குடுக்கிறது?" என்று கிளார்க் கேட்டார். யாருக்கும் பதில் தெரியலை.

இதுல ஒரு வேடிக்கை. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தப்போ பஞ்சாயத்துகளுக்கென்று 29 துறைகளைப் பட்டியல் போட்டாங்க. அதில் தொழில்நுட்பப் பயிற்சியும் இருக்கு, நூலகமும் இருக்கு. தலைப்பு நம்ம கையில இருக்கு, காசு வேற இடத்துல இருக்கு. வீட்டு வரி ரசீது வச்சிருக்கிறவங்க எடுத்துப் பாருங்க. வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரின்னு தனியாப் போட்டிருக்கும். 1948-ல் வந்த சென்னை பொது நூலகச் சட்டத்திலிருந்து வர்ற வழக்கம் அது. நாட்டிலேயே அந்த மாதிரி சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நாம். படிப்புக்குன்னு கிராமத்தான் தன் வீட்டுக் கூரைக்கு மேல தனியா வரி கட்டுறான். வசூல் பண்றது பஞ்சாயத்து, செலவு பண்றது மாவட்ட நூலக ஆணைக்குழு. அது தப்புன்னு சொல்லலை, அதனாலதான் ஜில்லா முழுக்க நூலகம் இருக்கு. எங்க ஊர்ல இல்லை, அவ்வளவுதான்.

கிளார்க் பேசி முடிக்கவும் கடைசித் தெரு அப்பாயி ஒருத்தர் எழுந்தாங்க. "கம்ப்யூட்டரு வந்தா தண்ணி கொட்டுமாய்யா?" எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க சிரிக்கலை. அந்தத் தெரு மோட்டார் எரிஞ்சு பன்னிரண்டு நாள். அரை மைல் தூரத்து அடிபைப்பிலிருந்து குடம் சுமக்கிறாங்க. நான் பிள்ளைங்களுக்கு ஆதரவாப் பேசலாம்னு எழுந்து நின்னவன், அப்படியே உட்கார்ந்துட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, அந்த மோட்டார் எரிஞ்சதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஒரே ஊர்தான், நானூறு வீடுதான். ஆனா எங்க தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை மைல் கணக்குல சொல்ல முடியாது.

வழியைக் காட்டினது கிளார்க்தான். மோட்டார் 60-ல் வரும், ரூம் 40-ல் வரும், ரெண்டும் ஒரே பையில இல்லை, ஒண்ணுக்கொண்ணு போட்டியே இல்லைன்னார். மோட்டார் அந்த வாரமே ஓடணும், ரூமுக்கு ஒயரிங், பிளக் பாயின்ட், ஜன்னல் கிரில், ரெண்டு நீள மேசை, மாசா மாசம் இன்டர்நெட் பில் பொதுநிதியிலிருந்துன்னு தீர்மானம் எழுதினாங்க. கம்ப்யூட்டர் கிடையாது. வாத்தியார் கிடையாது. நான் வருத்தமாத்தான் வீட்டுக்கு வந்தேன். பிள்ளைங்க சந்தோஷமா இருந்தாங்க. அது எனக்கு அப்போ புரியலை.

வாத்தியார் கைலாசபுரத்திலிருந்து வந்தார். நான் இலை குடுக்கிற வீட்டுக்காரர். பாய்லர் பிளான்ட்டில் டிசைன் செக்ஷனில் முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். பொங்கலுக்கு இலைக்கட்டு குடுக்கப் போனப்போ பேச்சோடு பேச்சா இதைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் வரேன்பா. பெட்ரோல் காசு கூட வேண்டாம். ஒரே கண்டிஷன், பாதிப் பேராவது பொண்ணுங்களா இருக்கணும்" என்றார். ஏன் சார்னு கேட்டேன். "பசங்க எப்படியாவது திருச்சிக்கு பஸ் ஏறிக் கத்துக்குவாங்க" என்றார். எனக்கு அதுக்குமேல பேச்சு வரலை.

கம்ப்யூட்டர் பீரோ மேல இருந்துதான் இறங்கியது. ஆறு லேப்டாப். கீபோர்டுக்குள்ள எறும்புக் கூடு. திருச்சியில் ஒரு மெக்கானிக் கடையில் பேட்டரி, ஹார்டு டிஸ்க் மாத்த மொத்தம் பதினோராயிரம் சொன்னாங்க. அந்த வருஷ வைக்கோல் வித்த காசைக் குடுத்தேன். அது மாட்டுக்கொட்டகைக் கூரைக்குன்னு வச்சிருந்த காசு. என் வீட்டம்மா ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள், "கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள மாட்டைக் கட்டுங்க" என்று சொன்னதோட சமாதானம். கூரை இன்னைக்கு வரைக்கும் ஒழுகுது.

இன்னொண்ணு, அந்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோட, நம்ம சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் குடுத்திருந்தாங்க. பத்து வருஷமா யாருமே அதைத் திறந்து பார்க்கலை. சார் வந்துதான் திறந்தார். பழைய மிஷினுக்கு லினக்ஸ்தான் லாயக்குன்னு அதிலேயே ஆரம்பிச்சார்.

முதல் ஞாயிறு பதினாலு பேர். மூணு மாசத்துல ஒன்பது ஆச்சு. ஆறு பெண்கள், மூணு பையன்கள். ரெண்டு பெண்கள் கல்யாணமாகிப் போனாங்க. ஒரு பையன் திருப்பூர் போனான். சார் பெரிசா ஒண்ணும் சொல்லித்தரலை. தமிழ்99-ல் தட்டச்சு, மெயில் அனுப்புறது, ஒரு அரசு விண்ணப்பத்தை முழுசாப் படிச்சுப் பார்த்து நிரப்புறது. எக்செல் மாதிரியான கணக்குத் தாளுக்கு என் நெல்லுக் கணக்கையே பாடமா எடுத்துக்கிட்டார். விதை, உழவு, நடவு, களை, உரம், அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போட்டு, கடைசி வரியில் என் ஒருநாள் கூலி எவ்வளவு நிக்குதுன்னு பிள்ளைங்க கண்டுபிடிச்சாங்க. நான் வெளியே போய் பீடி குடிச்சிட்டு வந்தேன்.

இருபது மணி நேரத்துல கம்ப்யூட்டர் கத்துக்குடுக்கிற மத்திய அரசுத் திட்டம் ஒண்ணு இருந்தது. 2017-ல் ஆரம்பிச்சு 2024 மார்ச்சோட முடிஞ்சது. வீட்டுக்கு ஒருத்தர், 14 வயசிலிருந்து 60 வரைக்கும், இலவசம். ஒருத்தர் தேர்வானா சொல்லித்தர்ற மையத்துக்கு 300 ரூபா. நாடு முழுக்க 6 கோடிப் பேருக்கு மேல அதில் படிச்சிருக்காங்க. என் வீட்டம்மாவும் அதில் ஒருத்தி. சர்டிபிகேட் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு. படிச்சது மறந்துபோச்சு. தொட்டுப் பழக வீட்டுல ஒரு மிஷின் இல்லைன்னா மறக்கத்தானே செய்யும்? நீச்சலை இருபது மணி நேரம் கரையில நின்னு கத்துக்கிட்ட மாதிரி.

மாமா மகன்கிட்ட நான் கேரளாக் கதையும் சொன்னேன். சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்புறம் நானே தேடிப் படிச்சேன். 2002-ல் மலப்புறம் ஜில்லாவில் அட்சயான்னு ஒரு திட்டம், வீட்டுக்கு ஒருத்தருக்குக் கம்ப்யூட்டர் பழக்கணும். ஒரு குடும்பத்துக்குச் செலவு 140 ரூபா. அதில் 120-ஐ உள்ளாட்சிகள் போட்டது, 20 ரூபா அந்தக் குடும்பம். உள்ளாட்சிக்கிட்ட அந்தப் பணம் எப்படி இருந்தது? 1996-லேயே மாநிலத்தோட திட்டப் பணத்துல மூணில் ஒரு பங்குக்கு மேல உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டாங்க. இன்னொரு ஊர், திருவனந்தபுரம் பக்கம் புல்லம்பாறை. நூறு நாள் வேலைக்குப் போறவங்க கூலி ஏறிடுச்சான்னு பார்க்கவே ஒருநாள் வேலையை விட்டுட்டு பேங்க் வரிசையில நின்னாங்க. அதைப் பார்த்து வேலை நடக்கிற இடத்துக்கே போய் செல்போனில் சொல்லிக்குடுத்தாங்க. 2022-ல் ஊர் முழுக்க டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்துன்னு அறிவிச்சாங்க. நம்ம நூறு நாள் வேலைக்காரங்களும் அதே வரிசையிலதான் நிக்கிறாங்க.

எங்க ரூமுக்கு வர்றேன். 2023, 2024 ரெண்டு அறுவடையிலும் ஊர்க்காரங்க நெல் பதிவு அங்கேதான். சம்பளம் கிடையாது, ஆனா யாராவது கடலை மிட்டாய் வாங்கி வச்சிருப்பாங்க. கடைசித் தெரு அப்பாயிக்கு முதியோர் பென்ஷன் நின்னுபோனதை அந்தப் பிள்ளைங்கதான் கண்டுபிடிச்சு மனு போட்டாங்க. என் தம்பி மகள் திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தாள். எட்டாயிரத்து ஐந்நூறு சம்பளம். பெரிய சாதனை இல்லைன்னு உங்களுக்குத் தோணலாம். பஸ் பாஸ் போக மிச்சம் வர்றதில் அவள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் தவணை கட்டுறாள்.

2025 ஜனவரி 5-ஆம் தேதி ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சது. எங்களோடது மட்டுமில்லை, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டத்துக்கும். அடுத்த தேர்தல் வரைக்கும் தனி அலுவலர். அவருக்கு எங்க ஊர் ஒண்ணு மட்டுமா? எத்தனையோ ஊர். தண்ணி, விளக்கு, குப்பை பார்க்கவே நேரம் இல்லை. முன்னாடி தலைவரம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னா அன்னைக்கே நடக்கும் காரியத்துக்கு இப்போ மனு எழுதணும். நடுவுல எங்க பக்கத்துப் பஞ்சாயத்துகளை மாநகராட்சியோட சேர்க்கிற பேச்சு. நூறு நாள் வேலை போயிடும், வரி ஏறிடும்னு ஊர் ஊரா மறியல். இந்தக் களேபரத்துல இன்டர்நெட் பில்லை யார் நினைப்பாங்க? மார்ச்சில் கனெக்ஷன் நின்னுச்சு. ஏப்ரலில் கட்டடத்தை வேற வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. இப்போ திரும்பப் பூட்டு. அதே மார்ச் 14 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு வருஷத்துல லேப்டாப்போ டேப்லெட்டோ குடுக்கப் போறதா அறிவிச்சாங்க. நல்ல விஷயம். கண்டிப்பா எங்க தெருவுக்கும் நாலு வரும். அதோட பேட்டரி போகிற வருஷத்தை நினைச்சாத்தான் எனக்குக் கவலை.

இதுல யாரையும் குத்தம் சொல்ல வரலை. ஒரு தப்பு எங்க பேர்லயும் இருக்கு. அந்த ரூமுக்குன்னு ஒரு குழு போட்டு, ஒரு நோட்டு போட்டு, மாசம் வீட்டுக்கு இருபது ரூபான்னு அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். தலைவரம்மா இருக்காங்க, கையெழுத்துப் போடுவாங்கன்னு சும்மா இருந்துட்டோம். ஆள் மாறினா நின்னுபோகிற ஏற்பாட்டைத்தான் நாங்களும் செஞ்சு வச்சிருந்தோம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் திரும்ப மனு குடுத்தோம். இந்தத் தடவை பெண் பிள்ளைங்க மட்டுமே எழுந்து பேசினாங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறியிருக்கு. கடைசித் தெரு அப்பாயியும் வந்திருந்தாங்க, தெருவிளக்கு எரியலைன்னு சொல்ல. அவங்க சொன்னதும் ஏறியிருக்கு. ரெண்டுக்கும் இன்னும் பதில் வரலை.

இப்போ வகுப்பு என் வீட்டுத் திண்ணையில் நடக்குது. செல்போன் ஹாட்ஸ்பாட். ஆறு லேப்டாப்பில் நாலு ஓடுது. போன ஞாயிறு மழையில் சார் குடையோட வந்து சேர்ந்தப்போ வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்தது. எழுபத்தொரு வயசு. வகுப்பு முடிஞ்சு காபி குடிக்கும்போதுதான் சொன்னார், கண்ணுல புரை, அடுத்த வாரம் ஆபரேஷன், ஒரு மாசம் வர முடியாதுன்னு. பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. தம்பி மகள், "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதானே சார், நான் எடுக்கிறேன்" என்றாள். "எக்செல்லில் எது வரைக்கும் வந்திருக்கோம்?" என்று கேட்டார். அவள் நோட்டைத் திறந்து காட்டினாள்.

நாளைக்குத் திருச்சி போகணும். ஒரு சார்ஜர் ஒயர் பிஞ்சு கிடக்கு, மாத்தணும். வரும்போது மேலுரத்துக்கு பொட்டாஷ் இருக்கான்னு சொசைட்டியில் கேட்கணும். தூறல் விட்டிருக்கு, வாய்க்காலைப் பார்த்துட்டு வர்றேன்.